மாஸ்டரின் இடது கை

அந்த இசைக்குழுவில் பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் பெயர் உண்டு. சுவரொட்டியில் போட்டாக வேண்டுமே. மற்றவர்களை வாத்தியத்தின் பெயரால் கூப்பிடுவதுதான் வழக்கம். ட்ரம்ஸ் சாப்பிட்டாச்சா, லீட் கிட்டார் இன்னும் வண்டியில ஏறலையா, தபேலாவுக்குக் காய்ச்சல். இவர் வாசித்தது பேஸ் கிட்டார். அதனால் பேஸ். இருபத்திரண்டு வருடமாக பேஸ். வீட்டில் மனைவி ‘என்னங்க’ என்பாள், அவளுடைய அண்ணன் ‘மாப்ள’ என்பார். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. வெளியூர் விடுதிகளில் வரவேற்பறைக்காரர் அதை உரக்கப் படித்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவர் பெட்டிகளைக் காத்துக்கொண்டு நிற்பார். ட்ரம்ஸ் முழங்கையால் இடிக்க வேண்டும்.

“டேய், உன்னைத்தான்டா.”

குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர். அவரை மட்டும் கீபோர்டு என்று யாரும் கூப்பிடுவதில்லை, மாஸ்டர். இவரைச் சேர்த்துக்கொண்ட அன்று மாஸ்டர் அதிகம் பேசவில்லை.

“எனக்கு இடது கை காலியா வேணும். அதுக்குத்தான் நீ.”

கீபோர்டில் வலது கை மெட்டைப் பார்த்துக்கொள்ளும், இடது கை கீழ் சுரங்களைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் குழுவில் பேஸ் கிட்டார் இருந்தால் அந்த இடது கை கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் இரண்டும் ஒரே இடத்தில் மோதி, சத்தம் கூழாகிவிடும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்தவர் தட்டில் கை வைக்காமல் இருப்பது போலத்தான். அதனால் மாஸ்டர் இடது கையைக் காற்றில் வைத்துக் குழுவை நடத்தினார். பாடகிக்கு ஒரு விரல். தபேலாவுக்கு உள்ளங்கை. பாட்டை முடிக்க மூடிய முஷ்டி. அந்தக் கையைப் படம் எடுக்காத பத்திரிகைக்காரர் இல்லை. அது காற்றில் இருப்பது யாரால் என்பது பேஸுக்குத் தெரியும். அந்தத் தெரிதலே அவருக்குப் போதுமானதாக இருந்தது, ரொம்ப நாள்.

வருடத்தில் பாதி நாள் வண்டியில் போகும். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கை அவருடையது. அதிலிருந்து வரும் நடுக்கம் முதுகுக்குப் பழகியிருந்தது. மேடையில் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் வந்து சேராத இடத்தில், கறுப்பு முழுக்கைச் சட்டையில் நிற்பார். பாட்டு முடிந்ததும் பாடகி கையை நீட்டி, வயலினைக் காட்டுவாள், தபேலாவைக் காட்டுவாள், கூட்டம் கைதட்டும். கை பேஸ் பக்கம் வருவதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும்.

அவரிடம் ஒரு கதை இருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் கேபிள் கதை.

திறந்தவெளி நிகழ்ச்சி. இரண்டாம் பாதியில் ஒரு குத்துப் பாட்டு. ஜனங்கள் முன்வரிசை நாற்காலிகளைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் யாரோ இவருடைய கேபிளை மிதித்து இழுத்துவிட்டார்கள். குரல் இருந்தது, தாளம் இருந்தது, கீபோர்டு இருந்தது. பாட்டு போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆடியவர்களின் கால்கள் தடுமாறின. ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒருவர் நின்று தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். பாடகி பாடிக்கொண்டே திரும்பினாள். பேஸ் மண்டியிட்டுக் கேபிளைச் செருகினார். அடுத்த அடி விழுந்ததும் கூட்டம் ‘ஹோ’ என்று கத்தியது.

“நான் வாசிக்கிறது யாருக்கும் தெரியாது. நிறுத்தினாத்தான் தெரியும்” என்று முடிப்பார். கல்யாணத்துக்கு முன்பே மனைவியிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு விருந்துக்கு வந்தவர்கள், பல் வைத்தியர், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர், எல்லோரும் கேட்டாகிவிட்டது. செருப்பைப் பார்த்தவர் வரும் இடத்தில் மனைவி உதட்டை அசைத்து அவருடன் சேர்ந்து சொல்வாள்.

பிறகு ஊரடங்கு வந்தது.

அரங்குகளைப் பூட்டினார்கள். வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. தெருவே காலியாக இருக்கும்போது அவள் மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள், வந்தாள், வாசலிலேயே கை கழுவினாள். பேஸ் வீட்டில் இருந்தார். இத்தனை நாள் தொடர்ந்து ஒரே கட்டிலில் படுத்ததில்லை. மூன்றாம் வாரம் ஆம்ப்ளிஃபையரைப் படுக்கையறைத் தரையில் வைத்து வாசிக்க ஆரம்பித்தார். கீழ்வீட்டுக் கணக்கு டீச்சர் மாடிப்படியில் நாலு படி தள்ளி நின்று கூப்பிட்டார்.

“சார், ஆன்லைன்ல கிளாஸ் எடுத்துட்டிருக்கேன். ‘மிஸ், உங்க வீட்ல இடி இடிக்குதா’ன்னு பசங்க கேக்குறாங்க.”

“மன்னிச்சுக்குங்க டீச்சர். சத்தத்தைக் குறைக்கிறேன்.”

“சத்தம்கூட இல்ல சார். பீரோ கதவு தானா ஆடுது.”

அவர் மன்னிப்புக் கேட்டார். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். அன்றிலிருந்து ஆம்ப்ளிஃபையர் அலமாரிக்குள் போனது. தலையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசித்தார்.

குழுவுக்கு மாஸ்டர் ஒரு குரல்செய்தி அனுப்பினார். அவரவர் வீட்டில் அவரவர் பாகத்தை வாசித்துப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒரே திரையில் பெட்டி பெட்டியாக அடுக்குவார். “காதுல தாளத்துக்குக் கிளிக் சத்தம் ஓடும். நாலு கிளிக் முடிஞ்சதும் எல்லாரும் ஒரு தட்டு தட்டணும். ஒண்ணே ஒண்ணு. அதை வெச்சுத்தான் உங்களை நேரா நிறுத்துவேன். ரெண்டு தட்டினா குழம்பிடும்.”

பேஸ் மேடைச் சட்டையைப் போட்டுக்கொண்டார், கீழே வீட்டு நிஜார். கைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தார். நாலு கிளிக். ஒரு கைதட்டல்.

“யாருக்குங்க கை தட்டுறீங்க?” சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“எனக்குத்தான்.”

“அது சரி. வேற யாரு தட்டப் போறா?”

சிரித்ததில் அந்தப் பதிவு வீணாயிற்று. மறுபடியும் நாலு கிளிக்.

பாட்டு ஒரு வாரம் கழித்து வெளியானது. எட்டுப் பெட்டிகள். கீழ்வரிசையில் வலது மூலை இவருடையது. மனைவி தன் கைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். முழுதும் பார்த்தாள். பிறகு தயங்கினாள்.

“நல்லா இருக்கு. உங்க சத்தம் எங்கங்க?”

“இதோ வருதே.”

“எங்க?”

அவர் மறுபடி ஓட்டினார். ஒலியை முழுதாக ஏற்றினார். பாடகியின் குரல் கொசு மாதிரி கூர்மையாக வந்தது. தபேலா பிளாஸ்டிக் டப்பாவாக ஒலித்தது. மூலைப் பெட்டியில் ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை நகர்த்திக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை. தன் கைபேசியில் போட்டுப் பார்த்தார். அதிலும் இல்லை. ஹெட்ஃபோன் மாட்டினால் இருந்தது, ஒரு அடியும் குறையாமல். அவ்வளவு சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். ஒலிப்பொறியாளர்களிடம் இதைப் பற்றிப் பலமுறை பேசியவர்தான் அவர். தனக்கு நடக்கும் என்று தோன்றியதில்லை.

ட்ரம்ஸைக் கூப்பிட்டார்.

“என் பெரிய ட்ரம் மட்டும் என்ன வாழுது? தீப்பெட்டியத் தட்டுற மாதிரி இருக்கு” என்றார் ட்ரம்ஸ். “ஆனா எனக்கு அந்தப் பித்தளைத் தாம்பாளச் சத்தமாவது கேக்குது. நீ சுத்தமாக் காலிடா.”

பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். ஒரு ஆள், ‘கீழ் மூலையில் கறுப்புச் சட்டை அண்ணன் கிட்டாரில் கம்பி இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தார். அதற்கு நிறைய சிரிப்பு முகங்கள். இன்னொருவர் பதில் போட்டிருந்தார்: ‘அவர் சும்மா தலையாட்ட வந்தவர்.’

மறுநாள் மனைவியின் அண்ணன் கூப்பிட்டார்.

“மாப்ள, வீட்ல எல்லாரும் உக்காந்து பார்த்தோம். பிரமாதம்.”

“சந்தோஷம் மச்சான்.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“அதுல நீங்க எதுக்கு?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேபிள் கதையை இவர் மறுபடி ஆரம்பித்தார். பாதியில் மைத்துனருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

“கொஞ்சம் மேல வாசிங்களேன்” என்றாள் மனைவி. “மத்தவங்க வாசிக்கிற இடத்துல. கைபேசியில அதுதானே கேக்குது?”

“அது அவங்க இடம்.”

“அப்ப கேக்காமயே இருக்கட்டும்கிறீங்களா?”

“ஆமா.”

அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு தட்டு தட்டி, யாரும் கேட்காததைச் சுத்தமாக வாசித்து அனுப்பினார். பதினாலு பாட்டு.

மழைக்காலம் முடியும்போது கொஞ்சம் தளர்த்தினார்கள். பூட்டிய அரங்குக்குள் எட்டுப் பேர் வரை வாசிக்கலாம், பார்வையாளர் கூடாது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நேரலை. முதல் ஞாயிறு பேஸ் நாலு மணிக்கே போய்விட்டார். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். பினாயில் வாசனை. மேடையில் தன் இடத்தில் ஆம்ப்ளிஃபையரை வைத்து, கம்பியை ஒருமுறை தட்டினார். மரப்பலகை உள்ளங்காலில் அதிர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை தட்டினார்.

“வந்துட்டான்யா தரைக்காரன்” என்றார் ட்ரம்ஸ்.

மூன்று கேமரா. கைதட்டல் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் எட்டுப் பேரும் அந்த அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். அதை நிரப்ப மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜனங்கள் எழுதுவதைத் திரையைப் பார்த்து வாசிப்பார். இந்த ஊரிலிருந்து இன்னார், அந்தப் பாடகிக்கு வாழ்த்து, வயலினுக்கு வாழ்த்து. மூன்றாவது ஞாயிறு, இடைவேளைக்கு முன்பு, சிரித்துக்கொண்டே வாசித்தார்.

“‘கறுப்புச் சட்டை அண்ணன் இன்னைக்காவது கம்பி மாட்டிட்டு வந்தாரா?’ பாருய்யா பேஸ், உனக்கும் ரசிகருங்க இருக்காங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ட்ரம்ஸ் சிரித்ததும் கேட்டது. பேஸும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

இடைவேளையில் தேநீர் குடிக்கவில்லை. பட்டியலைப் பார்த்தார். இரண்டாம் பாதியில் ஐந்தாவது, அந்தக் குத்துப் பாட்டு. கேபிள் கதையின் பாட்டு.

பாட்டு ஆரம்பித்தது. பல்லவி முடிந்து முதல் சரணம். இரண்டாவது சரணத்தின் வாசலில் பேஸ் வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். தவறி அல்ல. எடுத்தார். எடுத்து, நான்கு கம்பிகளையும் இடது உள்ளங்கையால் அமுக்கிச் சத்தத்தை அணைத்தார். பாடகியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்புவாள் என்றுதான் நினைத்தார்.

திரும்பியது ட்ரம்ஸ். கண்ணை விரித்து, தலையை ஆட்டி, என்னடா என்றார்.

பாடகி அரை நொடி இழுத்தாள். அதற்குள் மாஸ்டரின் இடது கை, காற்றில் பாடகிக்கு ஒரு விரலை உயர்த்தியிருந்த கை, கீழே இறங்கியது. யோசித்து இறங்கவில்லை. குழந்தை தடுக்கினால் பக்கத்தில் இருப்பவர் கை தானாக நீளுமே, அப்படி. கீபோர்டின் இடது ஓரத்தில் போய் உட்கார்ந்து பேஸ் வாசிக்கும் அதே அடிகளை வாசித்தது. கொஞ்சம் தட்டையாக, ஆனால் தப்பில்லாமல். பாடகி மறுபடி நிமிர்ந்து பாடினாள்.

நாலு வரி போனது. பேஸ் திரும்ப வாசிக்கக் கையை வைத்தார். வைத்த கை நின்றுவிட்டது. இப்போது நுழைந்தால் இரண்டும் மோதும், கூழாகும். அந்த இடத்தில் ஆள் இருந்தது. மாஸ்டர் கையை எடுப்பார் என்று காத்திருந்தார். மாஸ்டர் எடுக்கவில்லை, எடுத்தால் பாட்டு விழுந்துவிடும் என்று அவர் நினைத்திருப்பார். பாட்டு முடியும்வரை பேஸ் கிட்டாரைக் கட்டிக்கொண்டு நின்றார், கீழ் மூலைப் பெட்டியில் நின்ற ஆள் மாதிரியே.

திரையில் ஜனங்கள் இதயங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கறுப்புச் சட்டையைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை.

“என்னய்யா ஆச்சு? கேபிளா?” என்றார் மாஸ்டர், கேமராக்களை அணைத்த பிறகு.

“ஆமா மாஸ்டர். கேபிள்தான்.”

“மாத்திடுய்யா.” சொல்லிவிட்டு மாஸ்டர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார். ரொம்ப நாளாக ஓட்டாத வண்டி முதல் உதையிலேயே கிளம்பியதைப் பார்ப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

வெளியே படிக்கட்டில் ட்ரம்ஸ் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

“கேபிளாம். உன் கேபிளை எனக்குத் தெரியாதாடா? ஏன் கையை எடுத்தே?”

“சும்மாதான். யாராவது திரும்பிப் பார்க்கிறாங்களான்னு.”

“நான் பார்த்தேன்ல?”

“நீ பார்த்தே.”

“அப்ப நான் ஆள் இல்லையா?”

ட்ரம்ஸ் குச்சிகளைப் பைக்குள் போட்டு இழுத்து மூடினார்.

“முட்டாப் பயலே. தன் கையால முடியும்னு அந்த ஆளுக்கு இத்தனை வருஷம் தெரியாம இருந்துச்சு. நீயே சொல்லிக் குடுத்துட்டே.”

அடுத்த வாரம் அரங்குக்குள் எட்டுப் பேர் என்பதை ஐந்தாகக் குறைத்தார்கள். புதன்கிழமை மாஸ்டர் கூப்பிட்டார். “பேஸ், இந்த வாரம் மட்டும் நீ ஓய்வெடுத்துக்கோய்யா. ரெண்டு பாடகிங்க, நான், ட்ரம்ஸ், வயலின். கணக்கு சரியாப் போச்சு.” தபேலாவுக்கும் லீடுக்கும் ஓய்வுதான்; அதனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இதே பேச்சு.

ஞாயிறு ஆறு மணிக்கு அவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டார். மாஸ்டரின் இரண்டு கைகளும் கீபோர்டில் இருந்தன. பாடகிகளுக்குத் தாடையால் சைகை காட்டினார். முஷ்டி இல்லாததால் ஒரு பாட்டின் முடிவில் ஒருத்தி அரை வரி கூடுதலாகப் பாடிவிட்டாள். இன்னொரு பாட்டில் பேஸ் வழக்கமாகக் கம்பியில் விரலை வழுக்கி இறங்கும் இடத்தை மாஸ்டரின் இடது கை படி படியாக இறங்கியது. அந்த இடத்தில் அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் கைபேசியில், ஹெட்ஃபோன் இல்லாமல், அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வித்தியாசம் தெரியுதா?”

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். “தெரியுதுங்க” என்றாள்.

பொய் சொல்லும்போது அவள் காது மடலைத் தொடுவாள். தொட்டாள்.

மாத முடிவில் மறுபடி எட்டுப் பேர் போகலாம் என்று அறிவித்தார்கள். தபேலா திரும்பிப் போனது. லீட் போனது. பேஸ் புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்து வைத்திருந்தார். வியாழக்கிழமை மதியம் கைபேசி அடித்தது. மாஸ்டர்.

மாஸ்டர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடையாள அட்டையில் இருக்கும் பெயர், முழுதாக. பின்னால் ஒரு ‘சார்’.

“எப்படி இருக்கீங்க?” என்றார்.

பேஸுக்கு விடுதி வரவேற்பறையில் நிற்பது போலிருந்தது; இடிக்கப் பக்கத்தில் ட்ரம்ஸ் இல்லை.

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க மாஸ்டர்.”

“உங்களை மாதிரி ஒருத்தர் எங்களோட இத்தனை வருஷம் இருந்தது பெரிய விஷயம். அரங்கெல்லாம் பழையபடி ஆகட்டும். உங்களுக்கேத்த மாதிரி ஏதாவது வந்தா கண்டிப்பா நானே கூப்பிடுறேன். நீங்களும் அப்பப்ப பேசணும், என்ன?”

“சரிங்க மாஸ்டர்.”

மனைவி மருந்துக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “யாருங்க?”

“மாஸ்டர்.”

“என்ன சொன்னாரு?”

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. வாங்க போங்கன்னு பேசினாரு.”

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“அப்ப அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“நான் இன்னைக்கு லீவு போடட்டுமா?”

“எதுக்கு? போயிட்டு வா.”

அவள் போன பிறகு அலமாரியைத் திறந்து ஆம்ப்ளிஃபையரை இழுத்து வெளியே வைத்தார். துணியால் தூசி துடைத்தார். படுக்கையறைத் தரை வேண்டாம் என்று கூடத்தின் நடுவில் வைத்தார். அதன் முகத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார், பிறகு தரையைப் பார்க்கச் சாய்த்தார். குத்துப் பாட்டின் இரண்டாவது சரணத்தை, கையை எடுத்த அதே இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

முதல் அடியில் அடுக்களைக் கரண்டிகள் ஒன்றையொன்று தொட்டன. ஜன்னல் கண்ணாடி உறுமியது. மேஜையில் தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக எழுந்தது. செருப்பு போடாத பாதங்களில் தரை ஏறி வந்து முழங்கால் வரை நின்றது. வழுக்கி இறங்கும் இடத்தில் வழுக்கி இறங்கினார். மேலே பாட்டு இல்லை, தாளம் இல்லை. அடி மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. சரணம் முடிந்தது, பல்லவிக்குத் திரும்பினார், முடிவையும் வாசித்தார். முஷ்டி மூடும் இடத்தில் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி நிறுத்தினார்.

கரண்டிகள் அடங்கின. டம்ளரில் தண்ணீர் மட்டமானது. கையைக் கம்பியிலிருந்து எடுக்காமல் நின்று கேட்டார்.

கீழ்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

“அப்பாடா” என்றார் கணக்கு டீச்சர். “நிறுத்திட்டார். எங்க விட்டோம், பசங்களா?”